வேலூர் வீட்டுப் பின்கட்டில் தொட்டித் தோட்டம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மாடித் தோட்டத்துக்குச் சொல்லும் யோசனைகளை அப்படியே வீட்டுப் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்தால் பாதிதான் பலிக்கும். மாடியில் வெயில் தேவைக்கு மேலேயே கிடைக்கும், எடைதான் கவலை. பின்கட்டில் எடையைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் வீடு, நடுவில் துவைக்கிற கல், மோட்டார், சம்ப், துணிக் கொடி. கொசப்பேட்டை, சைதாப்பேட்டை போன்ற பழைய தெருக்களாக இருந்தாலும் சரி, சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கத்துப் புது வீடுகளாக இருந்தாலும் சரி, மிஞ்சுவது பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம்தான். அங்கே எத்தனை தொட்டி வைக்கலாம் என்பதைத் தரையின் அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது. எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, சித்திரை மாதத்தில் தினமும் எத்தனை குடம் தண்ணீர் தர முடியும், அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். முதல் மாதத்திலேயே முப்பது பை வாங்கி அடுக்குபவர்கள் மே மாதத்தில் கைவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

முதலில் வெயில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8, 10, 12, 2, 4 மணிக்குப் பின்பக்கம் போய், வெயிலும் நிழலும் பிரியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். மாலையில் பார்த்தால் எந்த மூலைக்கு எத்தனை மணி நேரம் என்பது தரையிலேயே தெரியும். காய்க்கும் செடி எதுவானாலும் நேரடி வெயில் குறைந்தது 5 முதல் 6 மணி நேரம் வேண்டும். கீரைக்கு 4 போதும். புதினா, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி, வெற்றிலை ஆகியவை 3 மணி நேரத்திலும் சமாளிக்கும். அதற்கும் குறைவான மூலையில் எருச் சாக்கையும் பூவாளியையும் வைத்துக்கொள்ளுங்கள், செடி வேண்டாம்.

இன்று போட்ட கோடு ஆண்டு முழுவதும் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்குத் தள்ளி நிற்கும். மார்கழியில் அது தெற்கே சாய்ந்துவிடும். அப்போது நண்பகலில்கூட ஒரு சுவரின் நிழல், அதன் உயரத்தில் முக்கால் பங்கு தூரத்துக்கு வடக்கே விழும். 6 அடி மதில் என்றால் நாலரை அடி, 10 அடி உயர ஒற்றைத் தளம் என்றால் ஏழரை அடி, 20 அடி மாடி வீடு என்றால் 15 அடி.

ஆகவே தெற்குப் பார்த்த மாடி வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கத்தில் தோட்டம் போடுபவர்களுக்கு ஆடியில் அருமையாக வெயில் அடிக்கும், கார்த்திகை வந்ததும் முழுக்க இருண்டுவிடும். பூத்த தக்காளி காய்க்காமல் நெட்டையாக வளர்ந்து சாய்வதற்கு இதுவே காரணம், உரக் குறைவு இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் குளிர்காலத்தில் கீரையும் புதினாவும் மட்டும் வைத்துக்கொண்டு, காய்கறியை மாசியிலிருந்து புரட்டாசிக்குள் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். வடக்குப் பார்த்த வீடு, தெற்கே பின்பக்கம் என்றால் கவலையில்லை, குளிர்காலம்தான் நல்ல போகம்.

சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் நிழல் மூலைக்கும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். செலவு குறைந்த வேலை, பலன் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து தண்ணீர்

நன்றாக வளர்ந்த செடி நிற்கும் 20 லிட்டர் பை ஒன்று ஏப்ரல், மே மாதங்களில் நாளைக்கு 2 லிட்டர் வரை குடிக்கும். 40 லிட்டர் பைக்கு 3 லிட்டர், கீரைப் பெட்டிக்கு 2 லிட்டர். பிளாஸ்டிக் குடம் 12 முதல் 15 லிட்டர் பிடிக்கும். இரண்டு குடம்தான் தோட்டத்துக்கு ஒதுக்க முடியும் என்றால் பத்துப் பைக்கு மேல் போகாதீர்கள். மார்கழியில் இதில் பாதி போதும், ஆனால் கணக்கைச் சித்திரைக்குத்தான் போட வேண்டும்.

இனி உப்பு. நம் ஊரில் குடிக்கக் காவிரித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர் என்பதுதான் பல வீட்டு வழக்கம். வாளியில் வெள்ளைப் படிவம் விடும் போர் தண்ணீர் தொட்டியிலும் அதையேதான் செய்யும். நிலத்தில் மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். ஒரு முழ ஆழப் பையில் அது இறங்க இடமில்லை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். மண் மேல் வெள்ளைத் தூள், பை ஓரத்தில் வெள்ளை வளையம், இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி ஒரு முறை அளந்துவிடுங்கள். மீட்டர் காட்டும் எண் 500-க்குக் கீழே என்றால் எதையும் வளர்க்கலாம். 500 முதல் 1000 வரை என்றால் வளர்க்கலாம், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உப்பைக் கழுவி இறக்க வேண்டும். 1000-க்கு மேல் போனால் பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயத்தை மறந்துவிட்டு, பாலக், பீட்ரூட், பருப்புக்கீரை போன்ற தாங்கும் வகைகளோடு நிற்பது நல்லது. 1500-ஐத் தாண்டிய தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்தாக வேண்டும். கழுவி இறக்குவது என்றால், பை வழக்கமாகக் குடிக்கும் அளவைப் போல இரண்டு மடங்கை, முடிந்தால் காவிரித் தண்ணீரை அல்லது மழைநீரை, மெதுவாக ஊற்றி அடியில் நன்றாக வடிய விடுவது.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. உள்ளே போன உப்பெல்லாம் அதில்தான் திரண்டு வருகிறது. அது தரை கழுவ மட்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. அதைப் பிடித்து வைத்தால் கலப்பதற்கு நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் சரி, சோப்புத் தண்ணீர் கூடாது.

மழைநீர் இன்னும் மேல். 100 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் கணக்குப்படி 93 லிட்டர் வரும். சன்ஷேடு குழாய் ஒன்றைத் திருப்பிவிட்டாலே 200 லிட்டர் பீப்பாய் ஒரு நல்ல மழையில் நிரம்பும். பீப்பாய் வாங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பழைய நீலப் பீப்பாய்கள் எளிதில் கிடைக்கும். முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்பவர் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். தோல் பதனிடும் ரசாயனம் இருந்த பீப்பாயைப் பத்து முறை கழுவினாலும் சாப்பிடும் கீரைக்கு அது ஆகாது. பழச்சாறோ சமையல் எண்ணெயோ வந்த பீப்பாய் என்று உறுதியானால் எடுங்கள். வாய்க்குக் கொசு வலை கட்டாமல் வைத்தால் ஒரு வாரத்தில் புழு நெளியும்.

பையும் தொட்டியும்

12-க்கு 12 அங்குல வட்டப் பை 20 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். மிளகாய், வெண்டை, தக்காளி, கொத்தவரைக்கு இது போதும். கத்தரிக்கும் பந்தல் கொடிக்கும் 15-க்கு 15, அதாவது 40 லிட்டர் வேண்டும். 9 அங்குலப் பையில் மிளகாய் வைக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். வைக்கலாம்தான், மே மாதத்தில் காலை ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலுக்குப் பை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நிம்மதி. துணி போல நெய்த 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம் கனம்) அல்லது அதற்கு மேற்பட்ட எச்.டி.பி.இ. பையாகப் பார்த்து வாங்கினால் மூன்று நான்கு ஆண்டு உழைக்கும். மெல்லிய கறுப்புப் பாலிதீன் பை ஒரு கோடையிலேயே பொடிப்பொடியாக உதிரும்.

20 லிட்டர் பெயின்ட் பக்கெட் தாராளமாகப் பயன்படும். நீரில் கலக்கும் சுவர் பெயின்ட் இருந்த பக்கெட்டாகப் பார்த்து எடுத்து, ஒட்டியிருப்பதை முழுக்க உரித்துக் கழுவுங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் ஆறு ஓட்டை, அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டில் நான்கு ஓட்டை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் போடுங்கள். பக்கவாட்டு ஓட்டை அவசியம். சிமென்ட் தரையில் உட்கார்ந்த பக்கெட்டின் அடி ஓட்டைகள் சேற்றில் அடைபட்டுவிடும். ஓட்டைக்கு மேல் ஒரு ஓட்டுத் துண்டோ கொஞ்சம் தேங்காய் நாரோ போதும். இரண்டு அங்குலத்துக்கு ஜல்லி நிரப்புவது வடிகாலுக்கு உதவாது, வேருக்கான இடத்தைத்தான் தின்னும்.

மீன் மார்க்கெட்டில் வரும் தெர்மாகோல் பெட்டி கீரைக்கு மிக நல்லது. சூட்டை உள்ளே விடாது. ஆனால் எலி கடிக்கும், அதனால் தரையில் வைக்காமல் கல் மேல் ஏற்றி வையுங்கள். எல்லாப் பையையும் இரண்டு செங்கல் மேல் வைப்பது பொதுவான விதி. தண்ணீர் வடியும், வேர் தரையில் ஒட்டாது, அடியில் தேள், பூரான் தங்காமல் துடைப்பம் நுழையும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். மேற்குச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். செப்டிக் டேங்க் மூடி, சேம்பர் மூடி மேல் எதையும் வைக்காதீர்கள். ஈரமான 20 லிட்டர் பை 20 கிலோவுக்குக் குறையாது, அவசரத்துக்கு நகர்த்த முடியாது. பைக்கு அடியில் தட்டு வைப்பது கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுப்பது, பின்கட்டில் அதற்கு அவசியமே இல்லை.

மண் கலவை

மாடிக்காரர்கள் எடைக்குப் பயந்து மண்ணைக் குறைத்துக் கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) கூட்டுவார்கள். பின்கட்டில் அது வேண்டியதில்லை. கோகோபீட் அதிகமான கலவை வேலூர்க் கோடையில் ஒரு நாள் முழுக்கக் காய்ந்தால் சுருங்கிப் பையை விட்டு விலகும். பிறகு ஊற்றும் தண்ணீர் உள்ளே போகாமல் ஓரத்து இடைவெளி வழியாக ஓடிவிடும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு. செம்மண் களிமண்ணாக இருந்தால் மட்டும் அதில் கால் பங்கைக் குறைத்து அந்த அளவுக்கு மணல் சேர்க்கலாம்.

பத்துப் பை அளவிலான தொடக்கத் தோட்டத்துக்கு ஏறக்குறைய 250 லிட்டர் கலவை தேவைப்படும். கலக்கும்போது அளவு குறையும் என்பதால் 285 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காலி சிமென்ட் சாக்கு 35 லிட்டர் பிடிக்கும். அந்தக் கணக்கில் செம்மண் மூன்று சாக்கு, எரு மூன்று சாக்கு. 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் 60 முதல் 70 லிட்டர் ஆகும், அதனால் ஒன்றரைக் கட்டி. கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் உப்போடு வரும். இரண்டு மூன்று முறை பிழிந்து வடித்துவிட்டுச் சேருங்கள். இதோடு 20 லிட்டருக்கு 100 கிராம் வீதம் வேப்பம் புண்ணாக்கு. நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 100 கிராமை 10 கிலோ ஈர எருவில் கலந்து நிழலில் ஒரு வாரம் மூடிவைத்துப் பிறகு சேர்த்தால் வேரழுகல் பெருமளவு குறையும். விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதையும் விதைகளையும் பற்றி விசாரிக்கலாம்.

எரு மக்கியதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் போதும். சாணி வாடை அடித்தால் இன்னும் மக்கவில்லை. கைவைத்தால் சூடாக இருந்தாலும் அப்படியே. பச்சை எரு போட்ட பையில் நாற்று மூன்று நாளில் வாடும், கூடவே வெள்ளை வண்டுப் புழுவும் வரும். பைகளை நிரப்பி, வாய்க்கு இரண்டு அங்குலம் விட்டு, தண்ணீர் தெளித்துப் பத்து நாள் சும்மா விடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பத்து நாளில் நாற்றங்கால் போடலாம்.

தொழிற்சாலைக் கழிவு ஓடிய வாய்க்கால் ஓரத்து மண், கட்டட இடிபாடு கலந்த மண் இரண்டும் எவ்வளவு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எப்போது, என்ன

நல்ல தொடக்கம் ஆடிப்பட்டம். கத்தரி, மிளகாய் நாற்று விட, வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை, பீர்க்கு நேரடியாக ஊன்ற அதுவே சமயம். கொடி அவரையை ஆடியில் ஊன்றினாலும் பகல் குறுகும் மார்கழியில்தான் அது பூக்கும். அதுவரை பந்தல் முழுக்க இலையாக நிற்பதைப் பார்த்துப் பிடுங்கிவிடாதீர்கள். அவசரம் என்றால் செடி அவரை வாங்குங்கள்.

தக்காளிக்குச் செப்டம்பர் நடுவில் விதைத்து அக்டோபர் நடுவில் நடுவது பொருந்தும். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ காம்போடு உதிரும். பங்குனியில் பூக்கும் தக்காளிக்கு எந்த டானிக் தெளித்தாலும் இதுதான் நடக்கும். முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி கார்த்திகைக்கு மேல். சித்திரை, வைகாசியில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். நிழல்வலைக்குக் கீழே தண்டுக்கீரை, ஏற்கெனவே வேர் பிடித்த வெண்டை, கொத்தவரை இருந்தால் சரி.

முதல் போகத்துக்கு எங்கள் சிபாரிசு: 40 லிட்டர் பை இரண்டில் கத்தரி, 20 லிட்டர் பை மூன்றில் வெண்டை, இரண்டில் மிளகாய், பைக்கு ஒரு செடி; கீரைப் பெட்டி இரண்டு, பக்கெட்டில் பாதி நிரப்பி புதினா ஒன்று. ஐந்து பேர் வீட்டுக்கு இது காய்கறிச் செலவை நிறுத்திவிடாது. கீரை, மிளகாய், புதினா வாங்குவது நிற்கும், வாரம் ஒரு குழம்புக்குக் கத்தரி வரும். வெண்டை மூன்று செடி என்றால் ஒரே நாளில் பொரியலுக்குப் போதாது. இரண்டு நாள் பறித்துச் சேர்க்க வேண்டும், பையில் இரண்டு செடியாக விட்டால் சரியாக வரும்.

விதையை அதன் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். கத்தரி, மிளகாய் விதை மேலே தூவி மண்புழு உரத்தால் மூடினாலே போதும். கீரை விதையை ஐந்து பங்கு மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது, எறும்பு தூக்கிப் போகாமல் இருக்க ஓரமெல்லாம் மஞ்சள் தூள் போடுங்கள். கொத்தமல்லியைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும், முழு விதை முளைக்கத் தாமதிக்கும். தக்காளி நாற்று 25 நாளில், கத்தரி 30 முதல் 35 நாளில், மிளகாய் 40 நாளில் நடவுக்குத் தயார். நாற்று தரை மட்டத்தில் நைந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். காரணம் அதிகத் தண்ணீர், நெருக்கமான விதைப்பு. நடவு எப்போதும் மாலையில்.

முள் கத்தரிக்கு ஒரு தனி வார்த்தை

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாவட்டத்துக் காய், நம் வெயிலுக்குப் பழகிய செடி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்கு இதைவிட என்ன வேண்டும். வீரிய ஒட்டு ரகம் இல்லை என்பதால் விதையும் சொந்தமாக எடுக்கலாம். முதலில் காய்த்து நன்றாகத் திரண்ட ஒன்றைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்கவிட்டு, பிசைந்து தண்ணீரில் கழுவி, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்துங்கள். பக்கத்தில் வேறு கத்தரி ரகம் பூத்தால் கலந்துவிட வாய்ப்புண்டு.

பையில் ஒரே ஒரு செடி. இரண்டு வைத்தால் இரண்டும் அரைகுறை. தண்டு, இலை நரம்பு, காம்பு, காயின் தொப்பி எல்லாம் முள். குழந்தைகள் ஓடும் பாதையிலும் துணிக் கொடிக்கு அடியிலும் வைக்காதீர்கள், சேலை மாட்டினால் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நட்டு ஒரு மாதத்தில் மூன்றடிக் குச்சி ஒன்று ஊன்றிக் கட்டுங்கள். இரண்டு மாத அளவில் முதல் காய் வரும்.

இதன் எதிரி தண்டு, காய்த்துளைப்பான். காலையில் மற்ற கிளைகள் நிமிர்ந்திருக்க, ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கினால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கிறது. தொங்கும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே நறுக்கி, பிளந்து பார்த்தால் தெரியும். அதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஓட்டை விழுந்த காயைக் குப்பையில் எறியாதீர்கள், புழு அங்கிருந்தே வெளியேறிக் கூட்டுப்புழுவாகிவிடும். அதுவும் சோப்புத் தண்ணீருக்குத்தான். இரண்டு செடிக்கு மருந்தே தேவையில்லை, வாரம் இரு முறை பத்து நிமிடம் பார்த்தால் போதும். ஐந்தாறு மாதத்தில் காய்ப்பு ஓய்ந்ததும் ஓரடி உயரத்துக்கு வெட்டிவிட்டு இரண்டு கிலோ மண்புழு உரம் போட்டால் மறுபடி தழைத்து இன்னொரு சுற்று காய்க்கும்.

தண்ணீர் ஊற்றும் முறை

காலை ஏழரை மணிக்குள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். ஊற்றும்போது பாதி ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து மீதி. ஒரே மூச்சில் ஊற்றினால் ஓரமாக இறங்கி வடிந்துவிடும், அடியில் தண்ணீர் வந்துவிட்டதே என்று நினைப்போம், நடு வேர் உலர்ந்தே இருக்கும். பை முழுக்கக் காய்ந்து சுருங்கிவிட்டால் அடியை ஒரு டப்பில் அரை மணி நேரம் வைத்துக் கீழிருந்து ஈரம் ஏறவிடுங்கள்.

மதியம் 2 மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்து ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மாலை 6 மணிக்குத் தானாக நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம், தண்ணீர்க் குறை இல்லை. காலையிலும் தொங்கினால் விரல் வையுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது, தண்ணீரை நிறுத்தி வடிகாலைப் பாருங்கள். தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துத் தட்டையாவதும் தண்ணீரால்தான். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது.

உரம்

நட்டு மூன்று வாரம் எதுவும் வேண்டாம். பிறகு 15 நாளுக்கு ஒரு முறை பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். நிலக்கடலை விளையும் ஊர், கடலைப் புண்ணாக்கு எளிதாகக் கிடைக்கும்: 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து லிட்டராகக் கலக்கி, வடிகட்டி, பைக்கு அரை லிட்டர். மூன்றாம் நாளைக்கு மேல் வைத்தால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள். புண்ணாக்கைத் தூளாகவே போட்டால் எறும்பும் எலியும் வரும். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மி.லி., மாலையில் தெளிக்க.

அடுப்புச் சாம்பல் போடுவது ஊர்ப் பழக்கம். போர் தண்ணீர் ஊற்றும் பையில் அதைப் போடாதீர்கள். தண்ணீரே காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) உள்ளது, சாம்பலும் அப்படியே. காரம் ஏறிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதனால்தான். முட்டை ஓடும் இத்தகைய மண்ணில் கரையாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பூச்சி

வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் 2 மி.லி., ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்துப் பிறகு தண்ணீர் சேர்த்தால்தான் கலக்கும். மாலை ஐந்துக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, பத்து நாளுக்கு ஒரு முறை. வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சியின் தொடக்க நிலைக்கு இது போதும். மாவுப்பூச்சி இருக்கும் பையில் எறும்பைத் தடுக்காவிட்டால் எதுவும் பலிக்காது, அதைத் தூக்கிச் செல்வதே எறும்புதான்.

மிளகாய் இலை சுருண்டால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன், வேப்பெண்ணெய் கேட்கும். கீழ்நோக்கிக் குவிந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், ஆனால் வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கூடாது. வெண்டை இலையில் மஞ்சள் வலை பின்னினால் அது வைரஸ். மருந்து கிடையாது, அன்றே பிடுங்குங்கள்.

பீர்க்கு, பாகல் போட்டவர்கள் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது என்பார்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம், நாலு சுவருக்குள் தேனீ வருவது குறைவு. பீர்க்கு மாலையில் மலரும், பாகல் காலையில். ஆண் பூவைக் கிள்ளி, அடியில் குட்டிக் காய் தெரியும் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள்.

கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும்

ஏப்ரல் முதல் வாரமே 50 விழுக்காடு நிழல்வலையை மேற்கே சாய்வாகக் கட்டிவிடுங்கள். தலைக்கு மேல் மட்டும் கட்டினால் மூன்று மணி வெயில் பக்கவாட்டில் உள்ளே வரும். பைகளை ஒட்டி ஒட்டி நிறுத்தினால் ஒன்றுக்கொன்று நிழலாகும். ஓரத்துப் பைகளுக்குப் பழைய சாக்கைச் சுற்றிவிடுங்கள். மண் மேல் இரண்டு அங்குலத்துக்கு உலர்ந்த இலையோ தேங்காய் நாரோ இருந்தால் தண்ணீர்த் தேவை கண்கூடாகக் குறையும்.

மழைக்காலத்தில் தலைகீழ். மண் மேல் போட்ட இலை, நார் மூடாக்கை எடுத்துவிடுங்கள், ஓட்டைகளைக் குச்சியால் குத்திப் பாருங்கள், பின்பக்கத் தூம்பில் இலை அடைக்காமல் வலை வையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் சத்தெல்லாம் கரைந்து போயிருக்கும், நின்றதும் ஒரு பிடி மண்புழு உரம். உப்பைக் கழுவ அதைவிட நல்ல சமயம் இல்லை, காலிப் பைகளைத் திறந்த மழையில் விடுங்கள்.

போகம் முடிந்த மண்ணைக் கொட்டிவிடத் தேவையில்லை. வேரைச் சலித்து எடுத்து, தார்ப்பாயில் பரப்பி, வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு புது எருவும் பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் மறுபடி தயார். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் மண்ணில் இன்னொன்றை உடனே வைத்தால் வாடல் நோய் தொடரும். அந்தப் பையில் அடுத்து கொத்தவரையோ கீரையோ போட்டுவிட்டு, அதற்கடுத்த போகம் கத்தரிக்கு வாருங்கள். பையில் எந்தச் செடி இருந்தது என்று மார்க்கர் பேனாவால் ஓரத்திலேயே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மறந்துவிடும்.